விவாகரத்து மனு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டு மனு போட்டிருக்கிறேன். இடைக்கால ஜீவனாம்ச மனுவோடு சம்பளச் சீட்டு, குழந்தைப்பேறு சிகிச்சைக் காகிதங்கள் எல்லாவற்றையும் வைத்தோம். நகல் கணவர் கைக்குப் போனதும் நாத்தனாரின் கணவர் சில பக்கங்களைப் போட்டோ எடுத்து, திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கேட்டால், "கோர்ட்டில் போட்டதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்கிறார். உண்மையா? என் ஆபீஸுக்கும் தெரிந்துவிடுமா? பதிலுக்கு அவர்களுடைய பதிலுரையைக் குழுவில் போடலாம் என்கிறான் என் தம்பி.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் தம்பியைப் பிடித்து நிறுத்துங்கள், சகோதரி. அவன் ஒரு பக்கத்தைப் போட்டாலும் நாளைக்கு உங்கள் புகாருக்கு வலு போய்விடும். "இரண்டு பேரும் அதைத்தானே செய்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

உங்கள் நாத்தனார் கணவர் சொல்வது சரியில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி வரும் வழக்குகளை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும் என்கிறது. வழக்கு தொடர்பான எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் கோர்ட்டின் முன்அனுமதியோடு. இந்துத் திருமணம் அல்லாத வாசகர்களுக்கு 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கைகொடுக்கும். ஒரு தரப்பு கேட்டாலே போதும், குடும்ப நீதிமன்றம் மூடிய அறையில் விசாரித்தாக வேண்டும்.

ஏட்டில் இப்படி. நடப்பில், பெயரைக் கூப்பிடும்போது அடுத்தடுத்த வழக்குக்காரர்கள் அறை முழுக்க உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெறும் வாய்தா வாங்கும் நாளில் பரவாயில்லை. சாட்சியமோ குறுக்கு விசாரணையோ வரும் நாளில் உங்கள் வக்கீல் எழுந்து ‘இன்-கேமரா’ (மூடிய அறை) விசாரணையை நினைவூட்ட வேண்டும். அப்போது எல்லாரையும் வெளியே அனுப்புவார்கள், துணைக்கு வந்த உங்கள் அம்மாவையும் சேர்த்து.

காகிதத்துக்கு வருவோம். வழக்கில் இல்லாத ஒருவருக்கு நகல் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டி அந்தக் கோர்ட்டிடமே கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் என்ற குறுக்கு வழியையும் 2020இல் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் வழக்கு எண்ணும் அடுத்த வாய்தாவும் தெரியக்கூடும். உங்கள் சிகிச்சைக் காகிதம் அங்கே வராது. நான் பார்த்தவரை குடும்ப வழக்குக் காகிதங்கள் கோர்ட் அலமாரியிலிருந்து கசிவது அபூர்வம். எதிர்த்தரப்புக்குச் சட்டப்படி கொடுத்த நகலிலிருந்துதான் கசிகின்றன. அந்த நகலைக் கொடுக்காமல் வழக்கு நடத்தவும் முடியாது.

அதனால் கோர்ட் உத்தரவு வாங்குவதுதான் வழி. 22ஆம் பிரிவை மீறினால் என்ன தண்டனை தெரியுமா? ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இன்று ஒரு வாய்தாவுக்கு வக்கீலோடு வந்து போகும் செலவுகூட இல்லை. குழுவில் போடுவது ‘வெளியிடுவது’ ஆகாது, சொந்தக்காரர்களுக்குள் பகிர்ந்ததுதான் என்றும் வாதாடுவார்கள். ஊரே இருக்கும் குழுவில் போட்டது வெளியிட்டதுதான் என்பது என் கருத்து. ஆனாலும் ஆயிரம் ரூபாய்க்காக அந்த வாதத்தில் உட்காராதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்திலேயே தடையுத்தரவு கேட்டு மனு போடுங்கள்: வழக்குக் காகிதங்களைக் கணவரோ அவர் சார்பில் வேறு யாருமோ பகிரக் கூடாது, போட்டதை நீக்க வேண்டும் என்று. நாத்தனார் கணவரையும் அந்த மனுவில் எதிர்த்தரப்பாகச் சேர்க்கக் கேளுங்கள். உத்தரவு வந்தபின் மீறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 2ஏ இருக்கிறது. சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் வீரம் காட்டும் மாப்பிள்ளைகள் இதைப் படித்தால்தான் அடங்குவார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கவும் இடமிருக்கிறது. அவமானப்படுத்துவதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் வரை அபராதம். ஆனால் தனியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால் அங்கே மூடிய அறை தானாக வராது, நீங்கள் கேட்டு நீதிபதியும் தேவை என்று கருதினால்தான். இப்போதைக்கு முதல் வழி போதும்.

அதற்கு ஆதாரம் வேண்டும். குழுவின் பெயர், போட்டவரின் எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ‘எக்ஸ்போர்ட் சாட்’ போட்டு முழு உரையாடலையும் சேமியுங்கள். குழுவிலிருந்து நீங்கள் விலகியிருந்தால், உள்ளே இருக்கும் நம்பிக்கையான ஒருவர் தன் போனிலிருந்து எடுத்துத் தர வேண்டியிருக்கும். 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, எந்தப் போனிலிருந்து எப்படி எடுத்தது என்று உறுதி சொல்லும் சான்றிதழ் இல்லாமல் ஸ்க்ரீன்ஷாட்டை நீட்டினால் எதிர்ப்பு வரும். பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னதுதான் இது. அந்தப் போனைத் தொலைக்கவோ விற்கவோ வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஜீவனாம்ச மனுவுக்கு வருமான விவரம் வேண்டும். 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, கடன், வருமானத்தை அபிடவிட்டாக (உறுதிமொழிப் பத்திரமாக) தந்தே ஆக வேண்டும். சிகிச்சைச் செலவைக் காட்ட மருத்துவமனை பில் போதுமே. ஸ்கேன் ரிப்போர்ட்டும் டாக்டர் குறிப்பும் அங்கே எதற்கு? பின்னால் சாட்சியத்துக்கு அவை உண்மையிலேயே தேவைப்பட்டால், மூடிய உறையில் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள். ஏற்கெனவே வைத்ததையும் உறையில் வைக்கச் சொல்லி இந்த மனுவிலேயே ஒரு வேண்டுகோள் சேர்க்கலாம். ஆதார் நகல் தர வேண்டி வந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு’ ஆதாரைக் கொடுங்கள். கணவரின் பதிலுரையில் வழக்குக்குத் தேவையில்லாத அசிங்கம் இருந்தால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 6, விதி 16இல் அந்த வரிகளையே நீக்கக் கேட்கலாம்.

குடும்ப நீதிமன்றத்தில் இரு தரப்போடும் பேசும் ஆலோசகரான கோர்ட் கவுன்சிலரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசலாம். மகாராஷ்டிர விதிகளின்படி அங்கே பேசியது ரகசியம். இரு தரப்பும் சம்மதிக்காமல் அதைக் கோர்ட்டில் சொல்லவைக்க முடியாது.

வழக்கு மேல்முறையீட்டில் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனால், முதல் நாளே உங்கள் பெயரை மறைத்து எழுத்துகளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். திருமண வழக்குகளில் தரப்பினர் கேட்டால் அவர்கள் அடையாளத்தை இணையத்தில் வெளியிடக் கூடாது என்று 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மும்பையை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம்.

ஆபீஸ் விஷயம்: நீங்கள் விவாகரத்து கேட்டதற்காகக் கோர்ட் உங்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதாது. நீங்கள் சம்பளத்தை மறைக்கிறீர்கள் என்று கணவர் சொன்னால்தான், கம்பெனியிடமிருந்து விவரம் வரவழைக்கச் சொல்லி அவர் மனு போட வழி பிறக்கும். அபிடவிட்டில் போனஸ், பி.எஃப். உட்பட முழுசாகக் காட்டிவிடுங்கள். அப்புறம் அந்த மனுவுக்கு வேலையில்லை.