இழுத்தால் அகலமாகும் நீ-கேப்: 1,450 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலி, டாக்டர் நீ-கேப் போடச் சொல்லியிருக்கிறார். கடையில் சாதாரணமானது 300 ரூபாய், இன்னொன்று 1,450. அது ‘ஆக்ஸெடிக்’ துணியாம், இழுத்தால் ஒடுங்காமல் அகலமாகுமாம். கடைக்காரர் நாலு பக்கமும் இழுத்து வேறு காட்டினார். இப்படி ஒரு துணி நிஜமாகவே இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் அவர் இழுத்துக் காட்டியது அதற்கு அத்தாட்சி இல்லை. நாலு பக்கமும் கையால் இழுத்தால் லெக்கிங்ஸ் துணிகூட நாலு பக்கமும் நீளும், அது வெறும் ஃபோர்-வே ஸ்ட்ரெச். ஆக்ஸெடிக் என்றால் மேலும் கீழும் மட்டும் பிடித்து இழுக்கும்போது யாரும் தொடாத பக்கவாட்டும் தானாக விரிய வேண்டும்.

வீட்டில் பழைய பனியனை இழுத்துப் பாருங்கள், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும். எவ்வளவு நீண்டால் எவ்வளவு ஒடுங்கும் என்ற கணக்குக்குப் பாய்சான் விகிதம் என்று பெயர். (பிரெஞ்சுக்காரர் பெயர். நம்ம ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்களிடம் சொன்னால் ‘புவாஸோன்’ என்று திருத்திவிட்டு, அப்படியென்றால் மீன் என்று சிரிப்பார்கள்.) ரப்பருக்கு அது கிட்டத்தட்ட 0.5, ஆக்ஸெடிக் பொருளுக்கு மைனஸில் வரும். 1987இல் ரோடரிக் லேக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி சாதாரண ஃபோமை அமுக்கிச் சூடாக்கி, அதன் கண்ணறைகள் உள்பக்கம் மடங்கும்படி செய்து இதைக் காட்டினார். ஆக்ஸெடிக் என்ற பெயர் 1991இல்தான் வந்தது.

துணியில் இதை நூலிலேயே செய்ய முடியும். தடித்த எலாஸ்டிக் நூல் ஒன்று, அதன்மேல் சுருளாகச் சுற்றிய மெல்லிய, நீளாத நூல் ஒன்று. இழுத்தால் மெல்லியது விறைத்து நேராகிவிடும், தடித்தது வேறு வழியில்லாமல் அதைச் சுற்றி வளையும், அதனால் மொத்தத்தில் நூல் பருக்கும். முட்டிக்கு இதில் நன்மை உண்டு. காலை மடக்கும்போது முட்டிமேல் துணி நீளவாக்கில் இழுபடும், சாதாரணத் துணி அப்போது ஒடுங்கி ஓரத்தில் இறுக்கும், இது அகன்று கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்காரும். பொருந்துவதில்தான் இந்த லாபம், வலி குறையும் என்று யாராவது சொன்னால் அது வேறு கதை.

சரி, கடையிலேயே எப்படிப் பார்ப்பது? டெய்லர் சாக்பீஸும் ஸ்கேலும் எடுத்துப் போங்கள், பேனாவால் கோடு போட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். தையலுக்குத் தள்ளி 5 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ஒருவர் மேலும் கீழும் மட்டும் பிடித்து அது 5.5 ஆகும்வரை மெதுவாக இழுக்கட்டும், நீங்கள் அகலத்தை அளங்கள். 4.8 என்றால் சாதாரணத் துணி, விகிதம் 0.4. 5.2 என்றால் மைனஸ் 0.4, கடைக்காரர் சொன்னது உண்மை. அப்புறம் குறுக்கிலும் ஒருமுறை இழுங்கள், ஏனென்றால் சில பின்னல்கள் ஒரு திசையில் மட்டுமே விரியும். பலம் கொண்ட மட்டும் இழுக்க வேண்டாம். ஓரளவுக்கு மேல் போனால் அசல் ஆக்ஸெடிக்கும் ஒடுங்க ஆரம்பிக்கலாம், பாவம் அவரைப் பொய்யர் ஆக்கிவிடுவோம்.

அளக்க விடவில்லை என்றால் ‘ஆக்ஸெடிக்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்து, வீட்டில் அளந்தால் 4.8 வந்தால், முதலில் கடையில் கேளுங்கள், மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இல்லாத குணத்தைச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

எதை வாங்கினாலும் அம்மாவின் முட்டியை நூல் வைத்துச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். சைஸ் தப்பினால் 1,450 ரூபாய் துணியும் நாலு படி ஏறுவதற்குள் கணுக்காலுக்கு வந்துவிடும்.