வகை பிரித்த சாமான் பட்டியலில் பில்டர் போட்டால் ஏன் ஒரு வரி மட்டும் வருகிறது?

தம்பி, கிளிநொச்சிக் கடையின் எக்செல் பட்டியலில் 'பசளை' என்று பில்டர் போட்டால், அதாவது அந்த வகை வரிகளை மட்டும் காட்டச் சொன்னால், யூரியா மட்டும் வருகிறது என்கிறீர்கள். காரணம், வகைப் பெயருக்கான கட்டங்களை மெர்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, வைத்திருப்பதுதான். யூரியா, டிஎஸ்பி (TSP), எம்ஓபி (MOP) ஆகிய மூன்று பசளைகளுக்கும் பக்கத்தில் ஒரே கட்டமாகத் தெரிந்தாலும், எக்செலுக்கு அந்தச் சொல் முதல் வரியில் மட்டுமே இருக்கிறது. மெர்ஜை எடுத்துவிட்டு ஒவ்வொரு வரியிலும் வகையை நிரப்புங்கள். அழகுக்காக இடையில் வெற்று வரி விடவே வேண்டாம், பட்டியல் அங்கேயே முடிந்ததாக எக்செல் எடுத்துக்கொள்ளும்.

பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பில்டர் வந்துவிடும். காலபோகம் என்ற பெரும்போக நெற்செய்கைக்கு முன் வகையில் 'பசளை', இருப்பில் '10க்குக் குறைவு' என்று இரண்டு பில்டரையும் ஒன்றாகப் போட்டால் கொள்முதல் பட்டியல் கையில் வந்துவிடும்.

கூட்டுத்தொகைக்கு 'சம்' (SUM) சூத்திரம் போடாதீர்கள். அது மறைந்த வரிகளையும் சேர்த்துக் கூட்டும். 'சப்டோட்டல்' (SUBTOTAL) சூத்திரத்தில் முதல் எண்ணாக 109 கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூட்டும்.