25 கிலோ கிடா வாங்கினால் கறி எவ்வளவு தேறும்?

வீட்டில் கிடா வெட்டு வைத்திருக்கிறீர்கள், பந்திக்குக் கறி பத்துமா என்று பயம். அதற்காகத்தானே கேட்கிறீர்கள்? 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சதைப்பிடிப்பான கிடாவானால் 11. அதற்கு மேல் யாரிடமும் வாய்விடாதீர்கள்.

நான் விட்டேன். போன மாசியில் மகளுக்குக் காதுகுத்து, பென்னாகரம் பக்கம் எங்கள் முனியப்பன் கோயிலில். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் சேலம் கருப்புக் கிடா ஒன்று பிடித்தேன். தராசில் 24 கிலோ. ‘பாதிக்குப் பாதி கறி’ என்று ஊரே சொல்கிறதே, அதை நம்பி 12 கிலோ என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். உரித்து எலும்போடு நிறுத்தால் 10 கிலோ 400. பெரிய மாமா தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “மீதி எங்க மாப்ள?”

சந்தைக்கு ஓட்டி வரும்போதே தீனியும் தண்ணியும் காட்டி வயிற்றை ரொப்பிவிடுகிறார்கள். ராத்திரி தீனி போடாமல் கட்டி வைத்தேன். காலையில் 22 கிலோ 300. கிட்டத்தட்ட 2 கிலோ புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் கறி விலை கொடுத்திருக்கிறேன்! அப்புறம் தோல் ஒரு 2 கிலோ, வெட்டிய பிறகும் இரைப்பையில் இருந்து அள்ளிக் கொட்டிய சாணி ஒரு 4 கிலோ. தலை, கால், குடல், ஈரல் எல்லாம் தனிக் கணக்கு.

அதனால் வெறும் வயிற்று எடையில் 100க்கு 45 என்று போடுங்கள். வாங்கும்போது இடுப்புக்கு மேலே முதுகைப் பிடித்துப் பாருங்கள். தண்டெலும்பு ரம்பப் பல் மாதிரி விரலில் குத்தினால் 45கூட வராது. 55 வரும் என்று கறிக்கடை அண்ணன்கள் யாராவது சண்டைக்கு வரலாம். தோலோடு வாட்டி, தலை காலையும் தட்டில் வைத்து நிறுத்தால் வரும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

90 பேர் வந்தார்கள். கடைசிப் பந்தியில் களிக்குக் குழம்புதான் இருந்தது, குழம்பில் உருளைக்கிழங்குதான் இருந்தது. ஈரலும் சுவரொட்டியும் விடியற்காலையிலேயே பெரிய மாமாவின் வாணலிக்குப் போய்விட்டன. அதைக்கூட விடுங்கள். அவர் பேரன் காதுகுத்துக்கு நான் 2,000 மொய் எழுதினேன். அவர் எனக்கு எழுதியது 500. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.