ஒன்றாம் வகுப்புக்கு எந்த பெயிண்ட்?

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன, இணையம் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படம் வரைய வைக்க ஆசை. விண்டோஸில் இருக்கும் பெயிண்டே போதுமா?
– ஆசிரியை ஒருவர், பென்னாகரம்

பதில்: போதும் டீச்சர், தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் முடிந்தால் டக்ஸ் பெயிண்ட் (Tux Paint) என்ற படம் வரையும் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே செய்தது. தர்மபுரி போகும்போது யாரிடமாவது சொல்லி பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்துவிடலாம், அப்புறம் இணையமே வேண்டாம். சேமிக்கும்போது கோப்புப் பெயர் கேட்காது, திறக்கும்போது வரைந்த படங்களையே சின்னச் சின்னதாகக் காட்டும். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் நாளே படம் எதிர்பார்க்காதீர்கள். மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே நகர்த்துவது அந்தக் குட்டி விரல்களுக்குப் பெரிய வேலை, அதனால் கொஞ்ச நாள் கிறுக்கட்டும். பிறகு ஒரு மாம்பழம் வரையச் சொல்லி, உள்ளே மஞ்சள் நிரப்பச் சொல்லுங்கள். கோடு எங்காவது கொஞ்சம் விட்டுப்போயிருந்தால் மஞ்சள் வெளியே வழிந்து பக்கம் முழுக்கப் பரவிவிடும், பிள்ளை திகைத்து உங்களைப் பார்க்கும். அப்போது தயவுசெய்து மவுஸைப் பிடுங்காதீர்கள்! செய்ததைத் திரும்பப்பெறும் பொத்தானை மட்டும் காட்டுங்கள், ஓட்டை எங்கே என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கணினி இரண்டுதானே என்று கவலை வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு பேராக உட்காரவையுங்கள், ஒருவர் வரைய மற்றவர் நிறம் சொல்லட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். மற்ற பிள்ளைகளுக்குக் கிரேயானும் தாளும் கொடுத்துவிடுங்கள், சரியா?