பக்கி சேசிஸில் துரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 1994 மாடல் பக்கியில் (பின்புறம் திறந்த பெட்டியுள்ள பிக்கப் வண்டி) மீன்பிடிப் படகை இழுத்துக்கொண்டு மணலிலேயே இறங்குவோம். போன வருஷம் கேபினையும் பின்பெட்டியையும் கழற்றி, சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, வயர் பிரஷ் போட்ட கிரைண்டரால் பளபளவென்று தேய்த்தேன். துரு மாற்றும் திரவம் பூசிக் கறுப்பு பெயின்டும் அடித்தேன். ஐந்தே மாதத்தில் கொப்புளம் கிளம்பிவிட்டது. பெயின்ட் மட்டமானதா, ஐயா?
— வாசகர், இசிப்பிங்கோ (டர்பன் அருகே, தென்னாப்பிரிக்கா)

பதில்: பெயின்டைக் குறை சொல்ல வேண்டாம். அதற்கு அடியில் உப்பு இருந்திருக்கிறது. கடற்கரையில் ஓடிய வண்டியின் இரும்பில் துரு சின்னச் சின்னக் குழிகளாக இறங்கியிருக்கும், உப்பு தங்குவது அந்தக் குழிகளின் அடியில்தான். வயர் பிரஷ் குழிக்குள் போகாது. மேலே இருக்கும் துருவை நசுக்கி, குழியின் வாயை மூடி, மெருகேற்றிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் உப்பு பெயின்ட் படலத்தின் வழியாகவே ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம்தான் கொப்புளமாகிறது.

ஆகவே முதலில் எண்ணெய், அடுத்து உப்பு, அதன்பின் துரு என்ற வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய்ப் பசை இருக்கும்போதே தேய்த்தால் அதுவும் குழிக்குள் அப்பிக்கொள்ளும். கெட்டியான சேற்றையும் கிரீஸையும் சுரண்டியால் எடுங்கள். டிகிரீசரை (எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் திரவம்) பிரஷ்ஷால் தேய்த்து, காயவிடாமல் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பிரஷர் வாஷரால் அடியுங்கள். சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் பெட்டி போல மூடியவை. வெளியே மட்டும் கழுவினால் பாதி வேலைதான் ஆகும். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, மேல் ஓட்டைகள் வழியே தண்ணீர் விடுங்கள். முதலில் செம்மண் குழம்பாக வரும், தெளிந்த நீர் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இனித் துரு. தகடு தகடாக உரியும் கனத்த துருவுக்கு வயர் பிரஷ் ஏற்றதல்ல, சிப்பிங் சுத்தியலோ நீடில் கன்னோ (ஊசிக் கம்பிகளால் தட்டித் துருவைப் பெயர்க்கும் கருவி) வேண்டும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தை முனையுள்ள உளியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அங்கே பெயின்ட் பேச்சே கிடையாது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பின் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றியும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களிலும் கூடுதல் கவனம் வையுங்கள்.

துரு மாற்றும் திரவம் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம். மெல்லிய துருவைத்தான் அது மாற்றும். கனமாகப் பூசினால் வேலை செய்யாமல் மிஞ்சும் அமிலம் பிசுபிசுப்பாகத் தங்கி, மேலே வரும் எப்பாக்ஸி ப்ரைமரை (பெயின்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) ஒட்டவிடாமல் கெடுக்கும். டின்னில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவித்தான் ஆக வேண்டும்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுத்தம் செய்த இரும்பின் மேல் நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்து ஓர் இரவு விடுங்கள். எங்கும் மெல்லிய பழுப்பு படர்ந்தால் அது சாதாரண ஈரத் துரு. குழிகளில் மட்டும் கருப்பாகப் புள்ளி புள்ளியாக வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. திரும்பவும் கழுவி, திரும்பவும் தேயுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் பயனில்லை.

கேள்வி: கரும்புத் தோட்டத்தில் உழைத்த பக்கி. சேசிஸை சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களை அடித்துத் துரு நீக்கும்) பட்டறைக்கு அனுப்பப் போகிறேன். அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?
— வாசகர், டொங்காட்

பதில்: ‘சுத்தமாக அடித்துக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எஸ்ஏ இரண்டரை தரம் (ஏறக்குறைய முழுச் சுத்தம்), 50 முதல் 75 மைக்ரான் சொரசொரப்பு என்று கேளுங்கள், பட்டறைக்காரருக்குப் புரியும். அடிக்கும் துகள் கார்னெட் போன்ற கனிமமாக இருக்க வேண்டும். கடற்கரை மணல் உப்பைத் திரும்ப ஏற்றிவிடும், அதன் சிலிக்காத் தூசி அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

அனுப்புமுன் சேசிஸ் எண் பொறித்த இடத்தில் தடித்த ரப்பர் துண்டை டேப் போட்டு ஒட்டுங்கள். எண் அழிந்தால் வண்டிப் பதிவில் பெரிய தொல்லை. நட்டுத் துளைகளில் பழைய போல்ட்டைத் திருகிவிடுங்கள். எர்த் வயர் தொடும் பரப்புகளையும் மூடிவையுங்கள்.

பிளாஸ்டிங் செய்த இரும்பை வெறுமையாக டிரெய்லரில் ஏற்றிக் கடலோரமாக N2 நெடுஞ்சாலையில் கொண்டுவருவது பெரிய தவறு, வீடு சேர்வதற்குள் உப்புக் காற்று வேலையைத் தொடங்கிவிடும். 4 மணி நேரத்துக்குள் முதல் ப்ரைமர் ஏற வேண்டும், அதையும் அந்தப் பட்டறையிலேயே அடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிங்கில் புது ஓட்டைகள் தெரியவரலாம், ப்ரைமருக்கு முன்பே நீங்களும் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு கோட் எப்பாக்ஸி ப்ரைமருக்கு எத்தனை லிட்டர் வாங்கலாம்?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: சட்டம் 14 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம் என்றால் சுற்றளவு 42 செ.மீ. நீளம் 4.6 மீட்டர், சட்டங்கள் இரண்டு, ஆக ஏறக்குறைய 4 சதுர மீட்டர். குறுக்குச் சட்டங்களுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் 2 சேர்த்தால் 6. டின்னில் கன அளவுத் திடப்பொருள் (காய்ந்தபின் படலமாக மிஞ்சும் பங்கு) 60 சதவீதம் என்று போட்டிருந்தால், 75 மைக்ரான் காய்ந்த படலத்துக்கு ஒரு லிட்டர் 8 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர். ஸ்ப்ரேயில் நாற்பது சதவீதம் காற்றோடு போகும் என்று வைத்து இரண்டரை லிட்டர் வாங்குங்கள். உங்கள் வண்டியை அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முழு கோட்டுக்கு முன், எல்லா விளிம்புகளிலும் வெல்டிங் தழும்புகளிலும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் தடவுங்கள். கூர் விளிம்பில் பெயின்ட் தானாக மெலிந்துவிடும், துரு திரும்ப வருவது அங்கிருந்துதான்.

நாளையும் பார்த்து அடியுங்கள். இரும்பின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனி படிவது 22 டிகிரியை ஒட்டி, அப்போது இரும்பு 25 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இரவெல்லாம் நிழலில் கிடந்த சேசிஸ் காலையில் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் படியும். டர்பன் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட நாட்களில், பத்து மணிக்கு மேல் தொடங்குவது நல்லது.

கேள்வி: சட்டத்தின் உட்புறத்துக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், சொட்டிச் சொட்டி மண்ணையும் கெடுக்கும். உட்புறம் நன்றாகக் காய்ந்தபின், நாலாபுறமும் சிதறும் முனையுள்ள நீளக் குழாயால் கேவிட்டி வாக்ஸ் (உட்புறத்துக்கான மெழுகுப் பூச்சு) அடியுங்கள். குழாயைக் கடைசிவரை நுழைத்து, அடித்துக்கொண்டே மெதுவாக இழுங்கள். வெல்டிங் எல்லாம் முடிந்தபின்தான் வாக்ஸ், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். மறுநாள் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் திறந்துவிட மறக்காதீர்கள்.

கேள்வி: முழு சேசிஸையும் அமிலத் தொட்டியில் முக்கி, சூடான துத்தநாகத்தில் குளிப்பாட்டினால் என்ன?
— வாசகர், வெருலம்

பதில்: பழைய சேசிஸுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். தகடுகளின் இடுக்கில் புகுந்த அமிலம் முழுதும் வெளியே வராது. துத்தநாகத் தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரி, மெலிந்த சட்டம் அதில் முறுக்கிக்கொள்ளலாம். லீஃப் ஸ்பிரிங்கையும் உயர்வலிமைப் போல்ட்டுகளையும் எந்தக் காரணத்துக்காகவும் அமிலத்தில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பாரம் ஏற்றிய நேரத்தில் சொல்லாமல் ஒடியும்.