சமூக ஆய்வில் புள்ளியியல்: கேள்வி பதில்

சமூக அறிவியல் ஆய்வுக்கான புள்ளியியல் முறைகள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சர்வேக்கு 384 பேர் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது? நான் ஊர் ஊராகப் போய் ஒவ்வொன்றிலும் 20 வீடுகள் எடுக்கப் போகிறேன்.

95 சதவீத நம்பிக்கைக்கான எண் 1.96; அதன் வர்க்கம் 3.8416. அதை 0.5 × 0.5 ஆல் (பாதிப் பேர் ‘ஆம்’ என்பார்கள் என்ற, அதிக ஆட்கள் தேவைப்படும் நிலை) பெருக்கி, பிழை வரம்பான 0.05-இன் வர்க்கமான 0.0025 ஆல் வகுத்தால் 384.16 வரும். ஆளைப் பின்னத்தில் எடுக்க முடியாது என்பதால் 385 என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 சதவீத நம்பிக்கையில், 5 சதவீதப் புள்ளி பிழை வரம்புக்குள், ஒரே ஒரு சதவீதத்தை மதிப்பிட இது போதும். ஆனால் எல்லோரையும் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும், எல்லோரும் பதில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் இந்த இரண்டுமே நடக்காது.

ஒரே ஊர்க்காரர்கள் பல விஷயங்களில் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். இருபதாவது வீடு தரும் புதுத் தகவல், முதல் வீடு தந்ததைவிடக் குறைவு. இந்த ஒற்றுமையை உள்கொத்து ஒட்டுறவு என்போம். அது 0.05 என்று வைத்தால், மாதிரி (பேட்டி எடுக்கும் வீடுகளின் எண்ணிக்கை) எத்தனை மடங்காக வேண்டும் என்பதற்கான கணக்கு: 1 + (20 − 1) × 0.05 = 1.95. ஆக 385 × 1.95, அதாவது 751 வீடுகள், 38 ஊர்கள். ஊருக்குப் பத்து வீடு என்று குறைத்தால் பெருக்கல் எண் 1.45 ஆகிவிடும். அப்போது 559 வீடுகள் போதும், ஆனால் 56 ஊர்களுக்குப் போக வேண்டும். பயணச் செலவு அதிகமா, பேட்டிச் செலவு அதிகமா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பதில் தராதவர்கள். நூற்றுக்கு எண்பது பேர்தான் பேசுவார்கள் என்றால் 751-ஐ 0.8 ஆல் வகுத்து 939 வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். இது எண்ணிக்கையைத்தான் ஈடுகட்டும், சாய்வை (முடிவு ஒரு பக்கமாகவே தவறுவதை) அல்ல. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை வைத்து வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று எழுதினார்கள். அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். யாரிடம் சீட்டு போய்ச் சேர்ந்தது, வாங்கியவர்களில் யார் திருப்பி அனுப்பினார்கள் என்ற இரண்டு இடங்களிலும் சாய்வு புகுந்துவிட்டது.

கேள்வி: என் 20 கேள்வி அளவுகோலுக்கு ஆல்ஃபா 0.83 வந்திருக்கிறது. நம்பகமானது என்று எழுதலாமா?

ஆல்ஃபா என்பது அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். அதைக் கேள்விகளின் எண்ணிக்கையே தூக்கிவிடும். கேள்விகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு (பதில்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) வெறும் 0.2 இருந்தாலும், இருபது கேள்வி இருந்தால் 0.83 வந்துவிடும். அதே ஒட்டுறவோடு ஐந்து கேள்வி மட்டும் இருந்தால் 0.56தான். எண்ணிக்கையைச் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன என்பதற்கு ஆல்ஃபா சான்று ஆகாது. அதற்குக் காரணிப் பகுப்பாய்வு (கேள்விகளுக்குப் பின்னால் எத்தனை விஷயங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் முறை) செய்ய வேண்டும்.

ஆல்ஃபா எதிர்பாராமல் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளைத் திருப்பினீர்களா என்பதை. ஐந்து புள்ளி அளவில் புதிய மதிப்பு = 6 − பழைய மதிப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். எது எதிர்மறையாக வருகிறதோ, பெரும்பாலும் அதுதான் திருப்ப மறந்தது.

கேள்வி: கையில் இருக்கும் எல்லா மாறிகளையும் ரிக்ரெஷனில் கட்டுப்பாடாகப் போடச் சொல்கிறார் வழிகாட்டி. சரிதானே?

சரியில்லை. ரிக்ரெஷன் என்பது ஒரு விளைவு மற்ற மாறிகளோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் முறை. கட்டுப்பாடாகப் போடுவது என்றால் அந்த மாறி ஒரே அளவில் இருப்பவர்களை ஒப்பிடுவது. கூடுதல் மாறியால் முடிவு மேம்படவும் செய்யலாம், கெட்டுப்போகவும் செய்யலாம். எது நடக்கும் என்று மென்பொருள் சொல்லாது.

தொழிற்பயிற்சி வருமானத்தைக் கூட்டுகிறதா என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். வயது, பயிற்சிக்கு முந்தைய படிப்பு, முந்தைய வருமானம் ஆகியவை பயிற்சியில் யார் சேர்கிறார்கள் என்பதையும் பிந்தைய வருமானத்தையும் பாதிக்கும். அவற்றைச் சேர்க்க வேண்டும். பயிற்சிக்குப் பின் கிடைத்த வேலை அப்படியல்ல. பயிற்சியின் பலன் வருமானத்தை அடையும் வழியே அதுதான். அதைக் கட்டுப்படுத்தினால் அளக்க வந்ததில் ஒரு பகுதியை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். பிறகு ‘பயிற்சியால் பலன் இல்லை’ என்று எழுத வேண்டியிருக்கும்.

இன்னும் நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஒரு கல்லூரி எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் கூட்டி மாணவர்களைச் சேர்க்கிறது. விண்ணப்பித்த எல்லோரிடமும் இந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றே வையுங்கள். சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தால் எழுத்தில் குறைந்தவர் நேர்காணலில் உயர்ந்திருப்பார், இல்லையென்றால் உள்ளே வந்திருக்கவே மாட்டார். ஆக எதிர்மறைத் தொடர்பு தானாக முளைக்கும். இரண்டு காரணங்கள் சேரும் இடத்தில் நிற்கும் மாறியைக் கட்டுப்படுத்தினாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: தரவைத் திறக்கும் முன் ஒரு தாளில் மாறிகளை எழுதி, எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். விளைவு மாறிக்கும் காரண மாறிக்கும் முன்னால் நிற்பவை கட்டுப்பாட்டுக்கு வேட்பாளர்கள். காரணத்துக்குப் பின்னால் வருபவை வெளியே. அட்டவணையில் கட்டுப்பாட்டு மாறிகளின் கெழுக்களுக்கும் (ஒவ்வொரு மாறிக்கும் ரிக்ரெஷன் தரும் எண்களுக்கும்) காரண விளக்கம் எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த ரிக்ரெஷன் உங்கள் முதன்மை மாறிக்காக அமைந்தது, அவற்றுக்காக அல்ல.

கேள்வி: பெண்களிடம் பி-மதிப்பு 0.02, ஆண்களிடம் 0.23. திட்டம் பெண்களிடம் மட்டும் வேலை செய்கிறது என்று முடிவுரையில் எழுதிவிட்டேன்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். பி-மதிப்பு என்பது, உண்மையில் விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய விளைவு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு. பெண்களிடம் விளைவு 0.24, ஆண்களிடம் 0.12, இரண்டுக்கும் திட்டப் பிழை (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு ஊசலாடும் என்பதன் அளவு) 0.10 என்றால் நீங்கள் சொன்ன பி-மதிப்புகள்தான் ஏறக்குறைய வரும். ஆனால் வித்தியாசம் 0.12, அதன் திட்டப் பிழை 0.14. விகிதம் 0.85. பி-மதிப்பு 0.40 அளவில் நிற்கும். இரு பாலாரிடமும் விளைவு வேறு என்று சொல்ல இதில் ஆதாரமே இல்லை. இரண்டு குழுவையும் ஒரே ரிக்ரெஷனில் வைத்து, பாலினத்தையும் திட்டத்தையும் பெருக்கிய மாறியைச் சேர்த்து, அதன் கெழுவையும் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பையும்) கொடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு மாறியிலும் 5 சதவீதம்தான் விடுபட்டிருக்கிறது. அவர்களை நீக்கிவிடலாமா?

பத்து மாறிகள் இருந்து, விடுபடுதல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்தால், 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.60. ஆயிரம் பேரில் நானூறு பேர் போய்விட்டார்கள்! விடுபட்ட இடத்தில் சராசரியை நிரப்புவது இன்னும் மோசம். பரவல் பொய்யாகச் சுருங்கி, திட்டப் பிழையும் சிறியதாகத் தெரியும். பன்முறை நிரப்பல் செய்யுங்கள்: விடுபட்டவற்றை மற்ற மாறிகளிலிருந்து ஊகித்துப் பல முறை வெவ்வேறாக நிரப்பி, முடிவுகளைச் சேர்ப்பது. நிரப்பும் கணக்கில் விளைவு மாறியையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் தொடர்புகள் பூஜ்யத்தை நோக்கி இழுபடும். முழுமையற்ற வரிசைகள் 40 சதவீதம் என்றால் 40 நிரப்பல்கள் என்பது நல்ல நடைமுறை. வருமானம் அதிகம் உள்ளவர்களே வருமானத்தை மறைக்கிறார்கள், மற்ற மாறிகளாலும் அதை ஊகிக்க முடியவில்லை என்றால், இந்த முறையும் முழுமையாகக் காப்பாற்றாது.

கேள்வி: ஆம்/இல்லை விளைவுக்கான லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் 2.25 வந்தால் ‘2.25 மடங்கு வாய்ப்பு’ என்று எழுதலாமா?

கூடாது. ஒரு குழுவில் 60 சதவீதம், மற்றதில் 40 சதவீதம் என்றால் சாதக விகிதங்கள் (நடக்கும் நிகழ்தகவை நடக்காத நிகழ்தகவால் வகுத்தவை) 1.5, 0.667. வகுத்தால் 2.25. நிகழ்தகவு ஒன்றரை மடங்குதான். நிகழ்வு அரிதானால் மட்டுமே இரண்டும் நெருங்கும். வாசகருக்குக் கணிக்கப்பட்ட நிகழ்தகவுகளையே கொடுங்கள்.

கேள்வி: எந்த மென்பொருள்?

உங்கள் துறையில் உடன் வேலை செய்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அது. ஒரே நிபந்தனை: மவுஸால் அழுத்தி முடிக்காமல் கோட் எழுதிச் சேமியுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: சமூகவியல் முதுகலை முடித்தேன். ஆய்வு முறைகளையே என் துறையாக வைத்துக் கல்விப் பணிக்குப் போகலாமா?

போகலாம். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவுக் கோட்பாடும் இல்லாமல் புதிய முறை எழுத முடியாது. அவற்றுக்கு ஓராண்டாவது ஒதுக்குங்கள். அதோடு குடும்பம், இடப்பெயர்வு, தேர்தல் என ஏதாவது ஒரு பொருளில் ஆழமாகப் போங்கள். தரவு எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவர் எழுதும் முறையைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. கட்டுரையோடு இயங்கும் நிரலும் கொடுத்தால்தான் முறை பரவும்.

இதில் வழக்கமாகக் கெடுவது கூட்டாய்வு. பத்துப் பேருக்கு அட்டவணை போட்டுக் கொடுத்து நன்றியுரையில் மட்டும் பெயர் வரும் நிலைக்கு ஆட்படாதீர்கள். என்ன செய்தால் இணை ஆசிரியர், யார் எந்த வரிசையில் என்பதை வேலை தொடங்கும் முன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். முறை பற்றிய கட்டுரை, பயன்பாட்டுக் கட்டுரை, மென்பொருள் ஆகியவற்றைத் துறைகள் வெவ்வேறாக எடைபோடுகின்றன. பணியில் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: முடிவு புள்ளியியல் முக்கியத்துவம் பெறவில்லை (பி-மதிப்பு 0.05-க்கு மேல்). மதிப்பாய்வாளர் இப்போது ஆய்வின் திறனைக் கணக்கிடச் சொல்கிறார்.

திறன் என்பது, உண்மையில் விளைவு இருந்தால் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு. கிடைத்த விளைவை வைத்தே திறனைக் கணக்கிடுவது பி-மதிப்பை வேறு உடையில் காட்டுவதுதான். பி-மதிப்பு சரியாக 0.05 என்றால் அந்தத் திறன் சுமார் 50 சதவீதம். அதைவிடப் பெரிய பி-மதிப்புக்கு இன்னும் குறைவு. புதிதாக எதையும் அது சொல்லாது. மதிப்பாய்வாளருக்கு மரியாதையாக இதை எழுதி, பதிலாக நம்பிக்கை இடைவெளியைக் கொடுங்கள். உதாரணமாக −0.08 முதல் 0.32 வரை என்றால், சிறு கெடுதலும் சாத்தியம், கணிசமான பலனும் சாத்தியம் என்று அந்த வரியே சொல்லிவிடும்.