மிட் பிரெயின் வகுப்பில் பையனைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். படித்தது எதுவும் மனதில் நிற்பதில்லை என்கிறார் டீச்சர். எங்கள் தெருவில் ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். மனிதன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாம். நடுமூளையை எழுப்பிவிட்டால் இடது மூளையும் வலது மூளையும் சேர்ந்து வேலை செய்யுமாம். ஒரு சிறுமி கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசித்ததை நானே பார்த்தேன். கட்டணம் 18,000 ரூபாய். சேர்க்கலாமா டாக்டர்? இல்லை, வல்லாரை மாத்திரை கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சேர்க்காதீர்கள் அம்மா.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்பகுதி. நீளம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான். கண்களை மேலும் கீழும் அசைக்க, வெளிச்சம் பட்டால் கருவிழி நடுவிலுள்ள பாப்பாவைச் சுருக்க, விழித்திருக்க, கைகால் அசைவைச் சீராக வைக்க என்று அது பிறந்த நாளிலிருந்து வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அங்குள்ள ஒருவகைக் கருநிற நரம்பு செல்கள் அழிந்துபோவதால்தான் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது. நடுமூளை உண்மையாகவே ‘தூங்கிவிட்ட’வர்களை நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பார்ப்போம், கோமாவில். உங்கள் பையனுடையது விழித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? கண்ணில் ஒரு நொடி டார்ச் அடித்துப் பாருங்கள். கருவிழி நடுவிலுள்ள பாப்பா சுருங்கினால் அது ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

அப்புறம் அந்தச் சிறுமி. அவள் படித்ததை நீங்கள் பார்த்தது நிஜம், அவள் கண்ணால்தான் படித்தாள் என்பதும் நிஜம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இரு பக்கமும் சின்ன இடைவெளி விழும். அடுத்த முறை கவனியுங்கள்: புத்தகத்தை மார்புக்கு அருகே தாழ்த்திப் பிடிப்பார்கள், தலையைச் சற்றே தூக்கிக்கொள்வார்கள். அதே புத்தகத்தை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டையும் அவிழ்த்துவிட்டு அறையைக் கும்மிருட்டாக்கிப் படிக்கச் சொல்லுங்கள். வித்தை நின்றுவிடும். விழித்திரையில் வெளிச்சம் விழாமல் பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போக எதுவுமே இல்லை. மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இப்படிப்பட்ட வகுப்புகளின் குட்டைப் பல ஊர்களில் உடைத்திருக்கிறார். குழந்தைகள்மேல் கோபப்படாதீர்கள். பெரியவர்கள் கைதட்டும்போது ‘இடுக்கு வழியாகப் பார்த்தேன்’ என்று எந்தக் குழந்தை சொல்லும்? எனக்கு இந்த வகுப்புகளில் பிடிக்காததே அதுதான். காசு போனால் போகட்டும், பொய் சொல்லவும் அல்லவா பழக்குகிறார்கள்.

10 சதவீதக் கதை பழையது. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், நம் ஆற்றலில் ஒரு சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம் என்று பொதுவாக எழுதினார். அவர் சதவீதம் எதுவும் போடவில்லை, அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும். அதற்கும் ஆதாரமில்லை. பெரியவர்களின் மூளை எடை சுமார் 1.4 கிலோ, உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. 90 சதவீதம் சும்மா கிடந்தால் இவ்வளவு தீனி எதற்கு? பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கோலிக்குண்டு அளவு இடம் பாதித்தாலே பேச்சோ கையோ போய்விடலாம்.

இடது, வலது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது பக்கத்தில்தான். வலிப்பு நோய்க்காக இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டியவர்களை ஆராய்ந்து, இரு பக்கமும் வேறு வேறு வேலைகளில் தேர்ந்தவை என்று காட்டிய ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பாலம் உங்கள் பையனுக்கு முழுசாக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேனை அலசியும், ‘இடது மூளைக்காரர்’, ‘வலது மூளைக்காரர்’ என்று யாரையும் பிரிக்க முடியவில்லை.

வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்லதுதான். ஞாபகசக்தியைத் தூக்கி நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாத்திரையாகத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. அது வேண்டாம்.

சரி, பையனுக்கு என்ன செய்வது? முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் ‘மறதிக்காரன்’ ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. காது கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் ஒருமுறை பாருங்கள், இரும்புச்சத்து குறைந்தால் கவனம் நிற்காது. தூக்கம் எத்தனை மணி நேரம்? இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும், பகலில் படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். படுக்கையில் செல்போன் வேண்டாம். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க விடாமல், ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். நினைவில் நிறுத்த நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி இது.

இவ்வளவுக்கும் பிறகும் எழுத்துக்கூட்டத் திணறினால், எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதினால், வாயால் கேட்டால் பதில் சொல்கிறவன் தாளில் எழுத முடியாமல் நின்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அறிவுக் குறைவு கிடையாது. அதற்கென்றே பயிற்சி தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். பரிசோதனை இலவசம். போகும்போது அவனுடைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு மூன்றை எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.